வரதன் கல்கத்தாவில் கற்றதும் நியூயார்க்கில் கண்டதும்

கணிதவியலாளர் எஸ். ஆர். ஸ்ரீநிவாச வரதன் எங்கே, யாரிடம் படித்தார், நிகழ்தகவுக் கோட்பாட்டில் அவர் உண்மையில் செய்தது என்ன என்பது கேள்வி. இதற்குப் பெரும்பாலும் இரண்டு தனித்தனிப் பதில்களே கிடைக்கின்றன. முதலாவது பட்டங்களும் ஆண்டுகளும் கொண்ட ஒரு பட்டியல்; இரண்டாவது, 'பெரு விலகல்களுக்கு ஒருங்கிணைந்த கோட்பாட்டை உருவாக்கினார்' என்ற ஒற்றை வரி. பெரு விலகல் என்பது சராசரியிலிருந்து வெகு தொலைவு விலகும் அரிய நிகழ்வு. இரண்டிலும் தவறில்லை. ஆனால் அவருடைய படிப்பையும் ஆய்வையும் இப்படிப் பிரித்து வைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி முளைத்தது என்பது தெரியாமலே போய்விடும். கல்கத்தாவில் அவர் பழகிக்கொண்ட ஒரு பார்வைதான் பிற்காலத்தில் நியூயார்க்கில் அவர் கண்ட தேற்றங்களுக்கு உருவம் கொடுத்தது என்பது என் கருத்து. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வரதன் 1940 ஜனவரி 2 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை அறிவியல் ஆசிரியர். பின்னர் பொன்னேரி உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானவர். அந்தப் பள்ளியின் கணித ஆசிரியர் ஒருவர் விடுமுறை நாட்களில் சில மாணவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, பாடத்திட்டத்தில் இல்லாத கணக்குகளைக் கொடுப்பாராம். சதுரங்கம் ஆடுவதைப் போலக் கணக்கையும் ஒரு விளையாட்டாக அனுபவிக்கலாம் என்பதை அவரிடம்தான் கற்றதாக வரதன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தாம்பரத்தில் இன்டர்மீடியட் முடித்துவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படிப்பில் சேர்ந்து, 1959-இல் பட்டம் பெற்றார். அவர் தேர்ந்தெடுத்தது கணிதம் அல்ல, புள்ளியியல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே ஆண்டில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தபோதும் தூய கணிதம் அவர் திட்டத்தில் இல்லை. ஆலைகளில் உற்பத்தியின் தரத்தைப் புள்ளியியல் முறையில் கண்காணிக்கும் தரக்கட்டுப்பாடு போன்ற பயன்பாட்டுத் துறை ஒன்றில் தேர்ந்து, தொழில்துறைக்குச் செல்வதே அவருடைய எண்ணமாக இருந்தது. அந்த எண்ணத்தை மாற்றியவர்கள் அங்கே இருந்த மூத்த மாணவர்கள். கே. ஆர். பார்த்தசாரதி, ஆர். ரங்க ராவ், வி. எஸ். வரதராஜன் ஆகிய மூவரும் நவீன நிகழ்தகவையும், நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் அளவைக் கோட்பாட்டையும், அருகாமையையும் தொடர்ச்சியையும் ஆராயும் இடவியலையும் பெரும்பாலும் தாங்களாகவே படித்து, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். வரதனும் அந்த வட்டத்தில் சேர்ந்தார். இந்த நால்வரையும் அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற நால்வர் என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். அலுவல் முறையில் அவருக்கு நெறியாளர் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ். ஆனால் அன்றாடக் கல்வி நடந்தது இந்த இளைஞர்களுக்கிடையிலான விவாதங்களில்தான்.

அங்கே அவர்கள் பழகிய பார்வை எது என்பதைச் சற்று நெருக்கமாகப் பார்க்க வேண்டும். பள்ளியில் நாம் படிக்கும் நிகழ்தகவு எண்களைப் பற்றியது: ஒரு பகடையில் 6 விழ எவ்வளவு வாய்ப்பு என்பது போன்றது. ரஷ்யக் கணிதவியலாளர் புரோகோரோவ் 1956-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் வேறொரு பார்வை வலுப்பெற்றது. ஒரு துகள் ஒரு மணி நேரம் அலைந்து வரைந்த பாதை முழுவதையும் ஒரே புள்ளியாகக் கருத வேண்டும். அப்படிப்பட்ட கோடானுகோடிப் புள்ளிகள் சேர்ந்த ஒரு பெருவெளி இருக்கிறது. அந்த வெளியின் மேல் பரவிக் கிடக்கும் ஒரு நிறையாக நிகழ்தகவைப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட இரண்டு பரவல்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன என்றால் என்ன பொருள் என்பதைத்தான் வலுவற்ற ஒருங்குதல் என்ற கருத்து சொல்கிறது. வரதராஜன் இதில் முன்னோடி ஆய்வு செய்தவர். பார்த்தசாரதி 1967-இல் இதைப் பற்றி ஒரு செவ்வியல் நூலே எழுதினார். வரதனின் முனைவர் பட்ட ஆய்வு, இடவியல் குலங்களின் மேல் (உறுப்புகளை ஒன்றோடொன்று சேர்க்கவும், எவை அருகருகே உள்ளன என்று கேட்கவும் இடமுள்ள வெளிகளின் மேல்) அமைந்த பரவல்களை ஒன்றோடொன்று சேர்க்கும்போது அவற்றின் பண்புகள் என்னவாகின்றன என்பதைப் பற்றியது. பொருள் வேறு என்றாலும், அருவமான வெளியின் மேல் நிகழ்தகவை வைத்துச் சிந்திக்கும் பழக்கம் ஒன்றுதான்.

நவீன நிகழ்தகவுக்கு 1933-இல் அடிகோள்களை வகுத்த கோல்மோகோரோவ் 1962-இல் அந்த நிறுவனத்துக்கு வந்திருந்தார். வரதனின் ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். வரதன் தம் ஆய்வை விளக்கிய உரை மிக நீண்டுவிட்டது. உரை முடிந்தபின் கோல்மோகோரோவ் கருத்துச் சொல்ல எழுந்த வேளையில் கூட்டத்தில் சிலர் வெளியேறத் தொடங்க, அவர் சுண்ணக்கட்டியை எறிந்துவிட்டு அரங்கைவிட்டே போய்விட்டார். பட்டம் கைநழுவியது என்றே வரதன் நினைத்தாராம். மாணவர்கள் கோல்மோகோரோவ் தங்கியிருந்த இடத்துக்கு ஓடிச்சென்று, நேரம் எடுத்துக்கொண்டதற்காக வரதன் மன்னிப்புக் கேட்டபோது, தம் வருத்தம் உரையாற்றியவர் மேல் அல்ல, காத்திருந்து கேட்காமல் எழுந்து போனவர்கள் மேல்தான் என்று அவர் விளக்கியிருக்கிறார். 1963-இல் வரதனுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

அதே ஆண்டு, வரதராஜன் காட்டிய வழியில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரான்ட் கணித அறிவியல் நிறுவனத்துக்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சென்றார். தொப்பித் தொழிற்சாலையாக இருந்த ஒரு கட்டடத்தில், சன்னல் இல்லாத ஓர் அறை அவருக்குக் கிடைத்தது. 1966-இல் உதவிப் பேராசிரியர், 1972-இல் முழுப் பேராசிரியர், பின்னர் இரண்டு முறை அதன் இயக்குநர் என்று பணிவாழ்க்கை முழுவதும் அந்த நிறுவனத்தோடேயே இணைந்திருந்தார். இடமாற்றத்தின் முக்கியத்துவம் வேறொன்றில் இருக்கிறது. கூரான்ட் நிறுவனம் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் கோட்டை. இயற்பியலிலிருந்து வரும் வெப்பம், அலை, பாய்மம் ஆகியவற்றின் கணக்குகள் அன்றாடம் பேசப்பட்ட இடம். அருவ வெளிகளில் பயிற்சி பெற்று வந்த ஒருவருக்கு அங்கே உயிருள்ள கணக்குகள் கிடைத்தன. அவற்றைக் கொண்டுவந்து முன்வைத்தவர்களில் முதன்மையானவர் நிகழ்தகவியலாளர் மன்ரோ டான்ஸ்கர்.

இப்போது பெரு விலகல்களுக்கு வருவோம். கோணல் இல்லாத ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால் 60 அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழ வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 3-க்குச் சற்றுக் குறைவு, அதாவது 0.028. அதே 60 சதவீதத்தை 1,000 சுண்டல்களில் கேட்டால், 600 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 730 கோடியில் ஒன்று. 10,000 சுண்டல்களில் 6,000 என்று கேட்டால், தசமப் புள்ளிக்குப் பின் 80-க்கும் மேற்பட்ட சுழியங்களை எழுதிய பிறகுதான் முதல் இலக்கம் வரும். பெரு எண்களின் விதி, இந்த வாய்ப்பு சுழியை நோக்கிச் செல்லும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மைய எல்லைத் தேற்றம் சராசரியின் அருகில் நடக்கும் சிறிய ஏற்றத்தாழ்வுகளுக்கு உரியது. சராசரியிலிருந்து இவ்வளவு தொலைவில் நடப்பதை அளக்க வேறு கருவி தேவை.

அந்தக் கருவியின் முதல் வடிவத்தை ஸ்வீடன் கணிதவியலாளர் ஹரால்ட் கிராமேர் 1938-இல் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இருப்பு கரைந்துபோகும் அளவுக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகள் குவிய வாய்ப்பு எவ்வளவு என்ற கணக்கே அதற்குப் பின்னணி. நம் நாணயத்தில், சுண்டல்களின் எண்ணிக்கை கூடக்கூட வாய்ப்பு அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. அதன் வீதம் ஒரு சுண்டலுக்கு 0.0201. அதாவது, எண்ணிக்கை பெரிதாகும்போது ஒவ்வொரு கூடுதல் சுண்டலுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. 60 சதவீதத்துக்குப் பதில் 70 சதவீதம் கேட்டால் வேறொரு வீதம். எந்த விலகலுக்கு எந்த வீதம் என்று சொல்லும் சார்புக்கு வீதச் சார்பு என்று பெயர். அந்த விலகலுக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இதில் மிக அழகான செய்தி ஒன்று உண்டு. 1,000 சுண்டல்களில் 600 தலைகள் விழுந்தே விட்டன என்று வைத்துக்கொண்டு அந்தச் சுண்டல்களைத் திரும்பிப் பார்த்தால், தலை விழ 0.6 வாய்ப்புள்ள கோணல் நாணயத்தின் சுண்டல்களைப் போலவே அவை தெரியும். நடக்கவே அரிதான ஒன்று நடக்கும்போது, இருக்கும் வழிகளுக்குள் விலை மிகக் குறைந்த வழியிலேயே அது நடக்கிறது.

கிராமேரின் தேற்றம் எண்களைப் பற்றியது. 1957-இல் சனோவ் அதைப் பரவல்களுக்கு விரித்தார். 1966-இல் ஷில்டர் பிரௌனிய இயக்கத்தின், அதாவது நுண்துகளின் தாறுமாறான தொடர் அலைச்சலின், பாதைகளுக்கு ஒரு முடிவைக் கண்டார். மாஸ்கோவில் வென்ட்ஸெலும் ஃபிரைட்லினும் சிறு சலனங்களால் அலைக்கழிக்கப்படும் இயக்கங்களை ஆராய்ந்தார்கள். இவையெல்லாம் தனித்தனி உத்திகளால் பெற்ற தனித்தனி முடிவுகளாக இருந்தன. அவை அனைத்தும் ஒரே கூற்றின் பல முகங்கள் என்று காட்டிய வரையறையை வரதன் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் தந்தார். ஒரு மூடிய கணத்துக்குள் (தன் விளிம்பையும் உள்ளடக்கிய புள்ளித் தொகுப்புக்குள்) நிகழ்தகவு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதற்கு ஒரு மேல்வரம்பு, ஒரு திறந்த கணத்துக்கு (விளிம்பு சேராத தொகுப்புக்கு) ஒரு கீழ்வரம்பு, இரண்டையும் ஆளும் ஒரே வீதச் சார்பு. அவ்வளவுதான் அந்த வரையறை.

வலுவற்ற ஒருங்குதலைப் படித்தவர்கள் இந்த வடிவத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். மூடிய கணத்துக்கு மேல்வரம்பும் திறந்த கணத்துக்குக் கீழ்வரம்பும் வைப்பது வலுவற்ற ஒருங்குதலின் இலக்கணமேதான். நிகழ்தகவு இருந்த இடத்தில் அதன் மடக்கை வந்து அமர்ந்திருக்கிறது. கல்கத்தாப் பயிற்சியின் தடம் இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வலுவற்ற ஒருங்குதலில் சராசரிகளும் கூடவே ஒருங்குவதைப் போல, இங்கேயும் அதற்கிணையான ஒரு விதி வேண்டும். அதுதான் வரதன் துணைத்தேற்றம். அரிய பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வெகுமதி உண்டு, வெகுமதியும் அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது என்றால், மொத்தச் சராசரியைத் தீர்மானிப்பது எது? வெகுமதியிலிருந்து விலையைக் கழித்து, மிஞ்சுவது எந்தப் பாதைக்கு மிக அதிகமோ அந்தப் பாதைதான். முடிவிலாப் பரிமாணமுள்ள வெளியில் போட வேண்டிய ஒரு தொகையீடு இவ்வாறு ஒரு பெருமக் கணக்காகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்த ஆண்டு அவர் கண்ட இன்னொரு முடிவு, வெளிப்பார்வைக்கு நிகழ்தகவுக்குத் தொடர்பே இல்லாதது போலத் தோன்றும். ஒரு வளைந்த பரப்பில் ஓரிடத்தில் வெப்பத்தை ஒரு கணம் வைத்து எடுத்தால், மிகச் சிறிய நேரத்துக்குள் தொலைவில் உள்ள இன்னோர் இடத்துக்கு நுண்ணிய அளவு வெப்பம் போய்ச் சேரும். அந்த அளவின் மடக்கையை நேரத்தால் தகுந்தபடி பெருக்கினால், நேரம் சுருங்கச் சுருங்கக் கிடைப்பது இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய தொலைவின் வர்க்கம். வெப்பத்தைச் சுமந்து செல்லும் துகள் மிகச் சிறிய நேரத்தில் அவ்வளவு தூரம் போவது ஓர் அரிய நிகழ்வு. அரிய நிகழ்வு விலை குறைந்த வழியில் நடக்கும். இங்கே விலை குறைந்த வழி என்பது குறுகிய பாதையே. இந்த உறவை அடிப்படையாகக் கொண்டு, முப்பரிமாண உருவங்களின் மேற்பரப்பில் தொலைவைக் கணக்கிடும் வெப்ப முறை ஒன்றைக் கணினி வரைகலை ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள்.

பெரு விலகல்களுக்கு நிகராக நான் மதிக்கும் பணி, கணிதவியலாளர் டேனியல் ஸ்ட்ரூக்குடன் அவர் செய்தது. இடத்துக்கு இடம் மாறும் விதிகளின்படி அலையும் ஒரு துகளின் விரவல் இயக்கத்தை வரையறுக்க, இட்டோவின் வாய்ப்புசார் வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்ப்பது வழக்கமான வழி. அதற்குக் குணகங்கள், அதாவது துகளின் சலனத்தையும் நகர்வையும் இடத்துக்கு இடம் தீர்மானிக்கும் அளவுகள், போதிய அளவு வழவழப்பாக இருக்க வேண்டும். ஸ்ட்ரூக்கும் வரதனும் 1969-இல் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். பிரௌனிய இயக்கத்துக்குப் பால் லெவி தந்த ஓர் அடையாளம் உண்டு: தொடர்ச்சியான ஓர் இயக்கத்தின் நிலையும், நிலையின் வர்க்கத்திலிருந்து நேரத்தைக் கழித்து வரும் அளவும் ஆகிய இரண்டும் மார்டிங்கேல்களாக இருந்தால், அதாவது நியாயமான ஆட்டத்தில் ஆடுபவரின் இருப்பைப் போல எதிர்காலச் சராசரி எப்போதும் இன்றைய மதிப்பாகவே இருந்தால், அது பிரௌனிய இயக்கம்தான். இதை விரித்து, எந்தப் பொது விரவலையும் அதற்குரிய மார்டிங்கேல்களின் வழியாகவே வரையறுத்துவிடலாம் என்று அவர்கள் கண்டார்கள். துகளை அடி அடியாக நகர்த்திப் பாதையைக் கட்டுவதற்குப் பதிலாக, பாதைவெளியின் மேல் இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட நிகழ்தகவு ஒன்று உண்டா, ஒன்றே ஒன்றுதானா என்று கேட்கிறார்கள். விரவல் குணகங்கள் வரம்புக்குள் அடங்கித் தொடர்ச்சியாகவும் எங்கும் நலியாமலும் இருந்தாலே போதும், நகர்வுக் குணகத்துக்குத் தொடர்ச்சிகூட வேண்டாம், விடை ஒன்றே என்பது அவர்களின் தேற்றம். இந்த உருவாக்கத்தின் பெரும்பயன், எல்லை எடுப்பது எளிதாவதுதான். துண்டுதுண்டாக நகரும் ஒரு செயல்முறை தொடர்ச்சியான விரவலை நெருங்குகிறதா என்பதைச் சோதிக்க, மார்டிங்கேல் நிபந்தனைகள் எல்லையில் சரியாகின்றனவா என்று பார்த்தால் போதும். மரபியல், வரிசைக் கோட்பாடு, நிதிக் கணிதம் ஆகியவற்றில் இன்று இம்முறை வழக்கமான கருவியாகிவிட்டது. 1979-இல் இருவரும் இதை நூலாக எழுதினார்கள்.

டான்ஸ்கருடன் 1975 முதல் எழுதிய கட்டுரைத் தொடர், பெரு விலகல்களை, அடுத்து நடப்பது இப்போதைய நிலையை மட்டுமே சார்ந்திருக்கும் மார்க்கோவ் செயல்முறைகளுக்குக் கொண்டுபோனது. நீண்ட நேரம் அலையும் ஒரு துகள் தன் நேரத்தை எந்தெந்த இடத்தில் எவ்வளவு செலவழித்தது என்ற கணக்கே இங்கே விலகக்கூடிய பொருள். இதன் வலிமையைக் காட்ட ஒரு கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். முப்பரிமாண வெளியில் ஒழுங்கின்றிச் சிதறிய கண்ணிகளுக்கு நடுவே ஒரு பிரௌனியத் துகள் அலைகிறது. கண்ணியைத் தொட்டால் அழிந்துவிடும். நெடுநேரம் பிழைத்திருக்க வேண்டுமானால் எப்படிப் பிழைக்கும்? குறிப்பிட்ட ஆரம் கொண்ட ஒரு கோளத்தில் தற்செயலாகக் கண்ணியே இல்லாமல் இருக்க வேண்டும். அதற்கான விலை கோளத்தின் கன அளவு, அதாவது ஆரத்தின் முப்படி அளவில். துகளும் அந்தக் கோளத்தைவிட்டு நேரம் முழுவதும் வெளியேறாமல் இருக்க வேண்டும். அதற்கான விலை நேரத்தை ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவில். கோளம் பெரிதானால் முதல் விலை ஏறும், சிறிதானால் இரண்டாவது ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஆரத்தின் ஐந்தாம்படி நேரத்துக்குச் சமம். மொத்த விலை நேரத்தின் ஐந்தில் மூன்று என்ற அடுக்கு. ஆகவே பிழைக்கும் வாய்ப்பு நேரத்தோடு நேராகத் தேயாமல், அதைவிட மெதுவாகத் தேய்கிறது. மார்க் காட்ஸும் லட்டிஞ்ஜரும் ஊகித்த இந்த முடிவை, துல்லியமான மாறிலியோடு டான்ஸ்கரும் வரதனும் 1975-இல் நிறுவினார்கள். துகள் செல்லும் பாதையைச் சுற்றி ஒரு குழாயை வரைந்து அதன் கன அளவை ஆராய்வதால், துறையில் இதற்கு வீனர் சாசேஜ் என்று பெயர். நான் மேலே போட்ட கணக்கு விலையின் அளவைச் சொல்கிறதே தவிர, இதைவிட மலிவான வேறு வழி கிடையாது என்பதை நிறுவுவதில்லை. கடினமான பாதி அதுதான்.

1983-இல் அதே இருவர், படிகத்துக்குள் நகரும் எலக்ட்ரான் தன்னைச் சுற்றியுள்ள அணுக்களைத் தொந்தரவு செய்து, அந்தத் தொந்தரவையும் சுமந்தபடியே நகரும் போலரான் என்ற அமைப்புக்கு, வலிமையான பிணைப்பில் அடிநிலை ஆற்றல் பற்றி சாலமன் பெக்கர் கொண்டிருந்த ஊகத்தை நிறுவினார்கள். ஃபெயின்மனின் பாதைத் தொகையீட்டை எடுத்துக்கொண்டு பெரு விலகலால் தீர்த்தது இது. பல பத்தாண்டுகள் கழித்து சிரஞ்ஜீப் முகர்ஜியுடன் வரதன் அதே கணக்குக்குத் திரும்பி, போலரானின் பாதை அளவையையே விவரித்திருக்கிறார்.

1980-களில் அவர் கவனம் பல்லாயிரம் துகள்கள் ஒன்றோடொன்று மோதும் அமைப்புகளின் பக்கம் திரும்பியது. கிளாட் கிப்னிஸுடன் 1986-இல் எழுதிய கட்டுரை, நெருக்கடியில் சிக்கிய ஒற்றைத் துகளின் இயக்கம் நெடுநேரத்தில் பிரௌனிய இயக்கமாகிறது என்பதைக் காட்டியது. குவோ, பாபனிக்கோலாவு ஆகியோருடன் 1988-இல் எழுதியது, துகள்களின் தாறுமாறான அசைவிலிருந்து அடர்த்திக்கான ஒழுங்கான வகைக்கெழுச் சமன்பாடு பிறப்பதை நிறுவ, ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோப்பியைக் கருவியாக்கியது. இவை தனியாக விளக்க வேண்டிய அளவு ஆழமானவை.

விருதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் பர்க்காஃப் பரிசு, 1996-இல் ஸ்ட்ரூக்குடன் ஸ்டீல் பரிசு, 1998-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 2007-இல் ஏபெல் பரிசு, 2008-இல் பத்மபூஷண், 2010-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கம், 2023-இல் பத்மவிபூஷண். நிகழ்தகவையே முதன்மைத் துறையாகக் கொண்ட ஒருவருக்கு ஏபெல் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை.

பட்டியலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2011-இல், 71 வயதில், சௌரவ் சாட்டர்ஜியுடன் அவர் வெளியிட்ட கட்டுரை. சாட்டர்ஜியும் கல்கத்தாவின் அதே நிறுவனத்தில் படித்தவர். பல புள்ளிகளை வைத்து, ஒவ்வோர் இணையையும் நாணயம் சுண்டி இணைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தால் ஒரு வாய்ப்புசார் வலைப்பின்னல் கிடைக்கும். அதில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான முக்கோணங்கள் இருந்தால், அவை எப்படி வந்திருக்கும்? எல்லா இடத்திலும் இணைப்புகள் சீராகச் சற்றுக் கூடியிருக்கலாம். அல்லது ஒரு சிறு கூட்டம் மட்டும் தங்களுக்குள் முழுமையாக இணைந்திருக்கலாம். எந்த வழிக்கு விலை குறைவு என்பது, கேட்கும் முக்கோண எண்ணிக்கையையும் தொடக்க வாய்ப்பையும் பொறுத்து மாறுகிறது. கணக்கின் முடிச்சு இந்த ஒப்பீட்டில் மட்டும் இல்லை. இரண்டு பெரிய வலைப்பின்னல்கள் அருகருகே இருக்கின்றன என்று சொல்ல எந்த இடவியலை எடுப்பது என்ற கேள்விக்கு முதலில் விடை வேண்டியிருந்தது. அந்த விடையை அவர்கள், வலைப்பின்னல்கள் பெரிதாகிக்கொண்டே போகும்போது எதை நெருங்குகின்றன என்று ஆராயும் வலைப்பின்னல் எல்லைகளின் கோட்பாட்டிலிருந்து எடுத்து, அந்த வெளியின் மேல் மூடிய கணத்துக்கு மேல்வரம்பும் திறந்த கணத்துக்குக் கீழ்வரம்பும் எழுதினார்கள்.